சர்வீஸ் முடிந்து வந்த ஸ்கூபா ரெகுலேட்டர் சீறினால்

தண்ணீருக்கடியில் மூச்சு விட உதவும் ஸ்கூபா செட்டில், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி இறக்கித் தருவது ரெகுலேட்டர். சர்வீஸுக்குப் போய் வந்த ரெகுலேட்டரைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரெகுலேட்டரில் ஒவ்வொரு சீட்டும் (காற்று வரும் துளையை அடைக்கும் மெத்தென்ற பாகம்) ஒவ்வொரு ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தன் இடத்தில் படிந்து போயிருக்கும். பிரித்துக் கழுவி, புதுச் சாமான் போட்டுப் பூட்டிவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து படிய வேண்டும். கோளாறு தலைகாட்டுவது அந்த நேரத்தில்தான். கடை மேஜையில் சத்தமில்லாமல் இருந்தது வீட்டில் சீறும். வீட்டில் சரியாக இருந்தது தண்ணீருக்குள் போனதும் வாயில் தண்ணீர் விடும்.

பொன்னை பக்கத்து அண்ணன் தம்பி இருவர் கொண்டுவந்த செட்டை வைத்து இதை எழுதுகிறேன். இருவரும் கிணற்று வேலைக்காரர்கள். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் பாறையை வெடி வைத்து இறக்கிய விவசாயக் கிணறுகள் அதிகம். எழுபது எண்பது அடி சாதாரணம். கயிறு அறுந்து விழுந்த மோட்டார், கழன்று போன ஃபுட் வால்வு, உள்ளே நழுவிய பைப்பு என்று, மழை முடிந்து தண்ணீர் ஏறிய பிறகு இவர்களைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. முன்பெல்லாம் மூச்சைப் பிடித்து முங்கி எடுத்தார்கள். இப்போது கைமாறி வந்த ஸ்கூபா செட் இரண்டு வைத்திருக்கிறார்கள். எனக்குக் காட்பாடி சாலையில் கம்ப்ரஸர், ஏர் லைன், பிரஷர் கேஜ் பார்க்கும் பட்டறை. புதுச்சேரி கடலில் டைவிங் பழகிய நாளிலிருந்து என்னுடைய ரெகுலேட்டர்களை நானே பார்த்துக்கொள்கிறேன். அதைக் கேள்விப்பட்டு வந்தார்கள்.

"அண்ணா, சர்வீஸ் பண்ணி வந்து ஒரு வாரம்கூட ஆகல, சும்மா வெச்சாலே காத்து போகுது" என்றான் பெரியவன். திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். அங்கே வாயில் வைக்கும் பகுதியில் எதையோ திருகிக் கொடுத்ததும் சீறல் நின்றிருக்கிறது. "ஆனா அப்புறம் இழுக்கவே கஷ்டமா இருக்குண்ணா" என்றான் சின்னவன். அதுவும் போதாதென்று சீறலும் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. இந்த இரண்டு வாக்கியத்திலேயே பாதி விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அளந்து பார்க்காமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

ரெகுலேட்டரின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரில் 200 பார் காற்று இருக்கிறது. சிலிண்டர் வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதைச் சுற்றியிருக்கும் அழுத்தத்தைவிட சுமார் 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்கி ஹோஸில் அனுப்புகிறது. இதுதான் இடை அழுத்தம். வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதையும் இறக்கி, நாம் இழுக்கும்போது மட்டும், சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தருகிறது. கிணற்றில் 20 மீட்டர் தண்ணீர் நின்றால் அடியில் மொத்த அழுத்தம் 3 பார். மேலே இழுப்பதைப் போல மூன்று மடங்கு காற்றை ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தச் சின்னப் பித்தளைச் சாமான் கொடுத்தாக வேண்டும்.

எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு செய்தி இதில் உண்டு. 1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் இன்ஜினியர் எமில் கன்யானும் சேர்ந்து, இன்றைய ஸ்கூபா செட்டின் முன்னோடியான அக்வாலங் செய்தபோது, கன்யான் கொண்டுவந்தது கார் இன்ஜினுக்குக் கேஸ் கொடுக்கும் ரெகுலேட்டரை. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் வண்டிகள் கேஸில் ஓடிக்கொண்டிருந்தன. இன்ஜின் இழுக்கும்போது மட்டும் கேஸ் விடும் அந்த அமைப்பு, மனிதன் இழுக்கும்போது காற்று விடும் அமைப்பாயிற்று. கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் ஒரு மெக்கானிக்குக்கும் இந்தச் சாமான் அந்நியமில்லை என்று அதைப் படித்தபோது தோன்றியது.

சரி, வேலைக்கு வருவோம். சீறலைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி, "வால்வைத் திறந்த உடனே வருதா, கொஞ்ச நேரம் கழிச்சு வருதா?" என்பதுதான். திறந்த நொடியிலேயே சீறினால் பெரும்பாலும் செகண்ட் ஸ்டேஜ் செட்டிங்தான்: லிவர் (டயஃப்ரம் என்ற ரப்பர் தகடு அழுத்தும்போது வால்வைத் திறக்கும் நெம்புகோல்) உயரமாக நிற்கிறது, அல்லது ஆரிஃபிஸ் (காற்று வரும் துளையின் வாய்) சீட்டில் சரியாக அமரவில்லை. முதலில் அமைதியாக இருந்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆரம்பித்தால் கண்ணை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பக்கம் திருப்ப வேண்டும். உள்ளே இடை அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஓர் அளவுக்கு மேல் போனதும் செகண்ட் ஸ்டேஜ் தாங்க முடியாமல் திறந்துகொள்கிறது. செகண்ட் ஸ்டேஜை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அழுத்தம் மிஞ்சினால் ஹோஸ் வெடிக்காமல் காற்றை வெளியே விடுகிற பாதுகாப்பு வால்வும் அதுவே. இரண்டு செகண்ட் ஸ்டேஜ் இருந்தால் (உபரியாக வைத்திருப்பதை ஆக்டோபஸ் என்பார்கள்) எது இலகுவாக செட் செய்யப்பட்டிருக்கிறதோ அது முதலில் சீறும். அதனால் "ஆக்டோபஸ் சீறலையே, இது மட்டும்தான் சீறுது" என்பதை வைத்துக் குற்றவாளியை முடிவு செய்ய முடியாது.

இதற்குக் கேஜ் வேண்டும். முங்குகிறவர் போடும் மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று போகும் ஹோஸின் முனையில் மாட்டும் இடை அழுத்தக் கேஜ், 0 முதல் 20 பார் வரை காட்டுவது, என்னிடம் இருக்கிறது. ரெகுலேட்டர் வைத்திருக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கி வைக்க வேண்டிய சாமான் இது. மாட்டும்போது ஒரு செகண்ட் ஸ்டேஜாவது அவசியம் ஹோஸில் இருக்கட்டும். அது இல்லாமல் வெறும் கேஜை மட்டும் வைத்து, உள்ளே சீட் முற்றிலும் கைவிட்டுவிட்டால் 200 பாரும் கேஜ் மேல் பாயும். கண்ணாடி முகத்தில் தெறிக்கும். வால்வையும் மெல்லத் திறக்க வேண்டும்.

திறந்தேன். முள் 9.6இல் போய் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. செகண்ட் ஸ்டேஜ் முகத்தில் இருக்கும், காற்றைக் கையால் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்தினால் 8.5க்கு இறங்கி, விட்டதும் பட்டென்று 9.6க்கு வந்தது. அந்த 'பட்டென்று' முக்கியம். இழுத்து இழுத்து ஏறினால் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இதுவரை கடையிலும் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு மூட்டை கட்டியிருப்பார்கள். நான் அப்படியே விட்டுவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்தில் 9.8. அப்புறம் 10. கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து 10.5. பதினொன்றை நெருங்கும்போது செகண்ட் ஸ்டேஜிலிருந்து அந்த மெல்லிய 'ஸ்ஸ்' கிளம்பியது. சின்னவன் எழுந்து நின்று, "இதாண்ணா, இதேதான்" என்றான்.

புது சீட் என்றால் ஆரம்பத்தில் கொஞ்சம் நகர்வது உண்டு. கூர்மையான பித்தளை விளிம்பு பிளாஸ்டிக் சீட்டில் பதிந்து தடம் பிடிக்கும் வரை அப்படி இருக்கும். அதற்குப் பர்ஜை அழுத்தி அழுத்தி விட வேண்டும். ஐம்பது அறுபது தடவை அழுத்தினாலும் தப்பில்லை. அதற்குப் பிறகு சில நிமிடம் விட்டுப் பார்த்தால் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 0.2 பார் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் எனக்குக் கவலையில்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே போவதுதான் வியாதி. இது நிற்கவில்லை.

பெரியவனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அப்ப அங்க என்னதான் திருகினாங்க?" அதற்குப் பதில் எளிது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அழுத்தம் ஏறியதால் செகண்ட் ஸ்டேஜ் சீறியிருக்கிறது. அதைக் கேட்டவர் செகண்ட் ஸ்டேஜை இறுக்கி வாயை அடைத்திருக்கிறார். அதனால் மூச்சு கனமாயிற்று. இடை அழுத்தம் இன்னும் ஏறியதும் இறுக்கியதையும் மீறிச் சீறியது. ஒரு கோளாறாக இருந்தது இப்படித்தான் இரண்டாகிறது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் சர்வீஸ் செய்கிறவர்கள் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிணற்றடியில் முப்பது கிலோ மோட்டாருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பவன் மூச்சுத் திணற இழுக்கிறான் என்றால் அவனுக்குப் பதற்றம் வர அதிக நேரம் ஆகாது.

அடுத்தது பிரிக்கும் வேலை. வால்வை மூடி, பர்ஜ் அழுத்திக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலும், அதற்கே உரிய பாகங்களும் கையில் இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அளந்து, என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலே சர்வீஸ் செய்கிறவரால் மழுப்ப முடியாது.

இந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பேலன்ஸ்டு டயஃப்ரம் வகை. உள்ளே உயர் அழுத்த சீட் ஒரு சிறிய தண்டின் தலையில் இருக்கும். அது ஆரிஃபிஸின் விளிம்பில் போய் அமர்ந்தால் காற்று நிற்கும். தண்டின் வால் பகுதி பேலன்ஸ் அறைக்குள் நுழைந்திருக்கும். அங்கே ஒரு குட்டி ஓ-ரிங் சுற்றியிருக்கும். தண்டின் நடுவே துளை போகிறது, அது இடை அழுத்தப் பக்கத்தையும் பேலன்ஸ் அறையையும் இணைக்கிறது. சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 50 பார் இருந்தாலும் இடை அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது இந்த அமைப்பால்தான்.

கடிகாரம் பழுதுபார்க்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை வைத்துச் சீட்டைப் பார்த்தேன். புதுசுதான். விளிம்பு பதிந்த வட்டத் தடம் முழுதாக, ஒரே ஆழத்தில், நடுவில் இருந்தது. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் இருந்தாலோ, வட்டத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இருந்தாலோ சீட்டைக் குற்றம் சொல்லலாம். இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆரிஃபிஸ் விளிம்பை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் வெட்டு இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் உடைந்து மினுங்கும். சுற்றிலும் ஒரே கோடாக ஓடியது. அதுவும் சுத்தம்.

மிச்சம் அந்தக் குட்டி ஓ-ரிங். பித்தளை ஊசியால் நெம்பி எடுத்தேன். இரும்பு ஊசி வேண்டவே வேண்டாம். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பாகமே போச்சு. வெளியே எடுத்ததும் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் நகத்தில் வைத்து லென்ஸில் உருட்டிப் பார்த்தபோது தெரிந்தது: உள்பக்கம் செதில் மாதிரி ஒரு துளி கிளம்பி நின்றது. தண்டைச் செருகும்போது கிரீஸ் போதாமல், அல்லது கோணலாக அழுத்தி, ரப்பரின் விளிம்பைச் சீவிவிட்டிருக்கிறார்கள். அந்தச் செதிலின் ஓரமாக உயர் அழுத்தக் காற்று பேலன்ஸ் அறைக்குள் கசிந்து, தண்டின் துளை வழியே இடை அழுத்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கேஜில் பார்த்தால் சீட் கசிவதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. சீட்டை மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்துப்போகிறவர்கள் இந்த ஓ-ரிங்கை ஒரு தடவை பார்க்கட்டும்.

புது ஓ-ரிங்குக்கு அளவு மட்டும் போதாது, கடினமும் சரியாக இருக்க வேண்டும். உயர் அழுத்தப் பக்கத்துக்குப் பெரும்பாலும் 90 டியூரோமீட்டர் (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் எண்) கேட்பார்கள். ஹார்டுவேர் கடைப் பெட்டியில் கிடைக்கும் 70ஐப் போட்டால் இடுக்கில் பிதுங்கிவிடும். கிட்டில் வந்ததையே போட்டேன். ஆக்ஸிஜனுக்குத் தாங்கும் கிரீஸ், பளபளப்பு மட்டும் தெரிகிற அளவு. மூடி, ஸ்பிரிங் மேலிருக்கும் ஸ்க்ரூவை ஆலன் கீயால் திருகி, மேனுவல் சொன்ன அளவுக்கு இடை அழுத்தத்தை 9.5இல் வைத்தேன். பர்ஜ் அழுத்திப் படியவிட்டு, டீக்குப் போய் வந்தோம். முள் 9.6. மதியச் சாப்பாடு முடிந்து வந்தும் 9.6. சிலிண்டரை 50 பார் வரை காலி செய்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். சில கசிவுகள் நிறைந்த சிலிண்டரில் மட்டும் தெரியும், சில காலியாகும்போது மட்டும் தெரியும். இரண்டிலும் நின்றது.

இனி இறுக்கி வைத்த செகண்ட் ஸ்டேஜ். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க விலை உயர்ந்த கருவி இருக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரும் போதும். காற்றைத் திறந்து வைத்து, பர்ஜ் பட்டன் கீழேயும் மவுத்பீஸ் மேலேயும் இருக்கும்படி பிடித்து, தண்ணீருக்குள் மெல்ல இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் சீற ஆரம்பிக்கிறதோ, அப்போது நீர்மட்டத்திலிருந்து டயஃப்ரம் வரை உள்ள தூரமே மூச்சு இழுக்க ஆகும் முயற்சி. 2.5 முதல் 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சுகமாக மூச்சு வரும். இது 6ஐத் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை.

ஆரிஃபிஸைத் திருப்பும்போது பர்ஜை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கூர் விளிம்பு மெத்தென்ற சீட்டின் மேல் உரசித் திரும்பி, அதை வட்டமாக அறுத்துவிடும். சர்வீஸ் முடிந்து இரண்டு நாளில் சீறும் செகண்ட் ஸ்டேஜ்களில் இப்படி அறுபட்டவை உண்டு. முதலில் சீட்டைப் பார்த்தேன், நல்லவேளையாக அறுபடவில்லை. கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு திருப்பி, லிவர் டயஃப்ரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, மறுபடி பக்கெட். லிவர் தாழ்ந்து போனால் முழுக் காற்றும் வராது. உயர்ந்து நின்றால் மூடியைப் பூட்டும்போதே சீறும். 3 சென்டிமீட்டரில் கொண்டுவந்து நிறுத்தினேன். பெரியவன் வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இது என் செட்டா?" என்றான்.

ஆக்டோபஸில் வேறு புகார்: "தண்ணி கலந்து வருது." காற்றை இணைக்காமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயைத் தூசி மூடியால் அடைத்து, ஆக்டோபஸை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். எதுவும் வராமல் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் எல்லாம் சரி. இதில் காற்று தாராளமாக வந்தது. விட்ட மூச்சு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் துடைத்த துணியின் நூல் ஒன்று உட்கார்ந்திருந்தது. எடுத்ததும் சரியாயிற்று. நூல் விடாத துணியால் துடைக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு விஷயமில்லை. எங்கள் கிணறுகளில் அடிச்சேற்றைக் கலக்கிவிட்டால் இதே இடத்தில் வண்டலும் உட்காரும். வாயில் தண்ணீர் வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கடைசியாக முழு செட்டையும் அழுத்தத்தோடு தொட்டித் தண்ணீரில் மூழ்க வைத்தேன். ஹோஸ் இணைப்புகளில் ஒன்றுமில்லை. பிரஷர் கேஜின் சுழலும் கழுத்தில் குண்டூசித் தலை அளவு குமிழி, விட்டு விட்டு வந்தது. அதற்குள் இரண்டு பொடி ஓ-ரிங் கொண்ட ஒரு ஸ்பூல் இருக்கும். அதை மாற்றினேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உடம்பிலிருந்து, தண்ணீர் நுழையும் பக்கத்தில் குமிழி வந்தால் அது பெரிய டயஃப்ரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்; அதைத் தள்ளிப்போடக் கூடாது. இதில் வரவில்லை.

கழுவும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலில் போகிறவர்களுக்கு உப்புப் பூத்துப் பச்சைக் களிம்பு பிடிக்கும். நம் பக்கத்தில் போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து பிஸ்டன், லிவர் எல்லாவற்றையும் கரகரப்பாக்கும். காவிரி கூட்டுக் குடிநீர் வரும்போது பிடித்து வைத்ததில் ஊறப்போட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறேன். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு ஊறிய நிலத்துக் கிணறு என்றால் அன்றைக்கே கழுவியாக வேண்டும். படிந்துவிட்டால் குரோம் பூசிய பித்தளைப் பாகங்களுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. சில நிமிடம் போதும், அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசல். அலுமினியப் பாகத்தை வினிகரில் போடாதீர்கள்.

செட்டை அன்றைக்கே கொடுத்தனுப்பவில்லை. இரவு பட்டறையிலேயே வைத்திருந்து காலையில் மறுபடி கேஜை மாட்டினேன். செகண்ட் ஸ்டேஜ் சீட்டும் படியப் படியக் கொஞ்சம் மாறும் என்பதால் பக்கெட்டும் இன்னொரு தடவை. இடை அழுத்தம் 9.6, பக்கெட்டில் 3 சென்டிமீட்டர். இரண்டையும் எழுதிப் பையில் போட்டு, சில கிணறு இறங்கிய பிறகு ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொன்னேன். அடுத்த சர்வீஸில் இந்த எண்களைக் காட்டி, பத்து நிமிடம் விட்டு எவ்வளவு இருந்தது என்று கேட்கட்டும்.

அவர்களுடைய இரண்டாவது செட்டை இன்னும் பூட்டவில்லை. அதன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் இருக்கும் உலோக ஃபில்டர் செம்பழுப்பாக இருந்தது. பச்சை என்றால் கடல் நீர் புகுந்திருக்கிறது; கறுப்பு என்றால் நிரப்பிய கம்ப்ரஸரின் கரித்தூள்; செம்பழுப்பு என்றால் ஸ்டீல் சிலிண்டருக்குள் துரு. "நீங்க உங்க கம்ப்ரஸர்லயே அடிச்சுக் கொடுத்தா சென்னை வரைக்கும் போக வேணாமேண்ணா" என்று சின்னவன் வேறு கேட்டான். பட்டறைக் கம்ப்ரஸர் காற்று டயருக்கும் ஸ்பிரே பெயின்ட்டுக்கும்தான். அதில் எண்ணெய் ஆவி இருக்கும், கார்பன் மோனாக்சைடும் சேரலாம். மேலே லேசான தலைவலியாக இருப்பது ஆழத்தில் ஆளையே மயக்கிவிடும். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். சிலிண்டரைக் காலி செய்து, வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கு விட்டுப் பார்த்து, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) முடித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அது வரும் வரை அந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பிரித்தபடி டப்பாவில்தான் இருக்கும்.